முதல் வாய்ச் சோறு

ஈப்போவில், சிலிபினில் அந்த வரிசை வீடுகளில் இருந்த பெண்களுக்கு கெர்ட்ரூட் மேல் கொஞ்சம் பொறாமை. சும்மா இல்லை. புருஷனுக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, பிசைந்து, முதல் வாயைத் தான் எடுத்து உண்டுவிட்டுத்தான் தட்டை அவன் பக்கம் தள்ளுவாள். ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள், "மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் என்னா பாசம் பாருக்கா, ஒரே தட்டுல சாப்பிடுறாங்க" என்று பேசிக்கொண்டார்கள்.

பாசமாவது மண்ணாங்கட்டியாவது! அந்த முதல் வாயை அவள் உண்மையிலேயே விழுங்குகிறாளா என்று சவரிநாதன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பான். விழுங்கிய பிறகும் கால் மணி நேரம் காத்திருப்பான். குழம்பு ஆறிப் போகும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் தட்டை இழுத்துக்கொள்வான். தன் மனைவி தனக்கு மருந்து வைத்துவிட்டாள் என்று அந்த மனுஷன் நம்பினான்.

இந்த மருந்து கிளினிக்கில் கொடுக்கும் மருந்து இல்லை. புருஷன் தன் சொல்லைத் தட்டக் கூடாது என்று பெண்டாட்டி சோற்றில் கலந்து கொடுப்பதாகத் தோட்டத்து ஜனங்கள் சொல்லும் மருந்து. உள்ளே போனால் செரிக்காதாம். வயிற்றில் ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டு, ஆளை உருக்கி, இருமவைத்து, இரத்தமாகப் போகவைத்துக் கொல்லுமாம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய் நற்கருணை வாங்குகிற கிறிஸ்தவன் இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்டால், சிரிக்க வேண்டியதுதான். பயம் வந்துவிட்டால் மனுஷன் எதைத்தான் நம்பமாட்டான்?

சவரிநாதன் கெட்டவன் இல்லை. செமோருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் அவனைப் புகைக்கூடத்து வேலைக்குப் போட்டார்கள். ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகை மூட்டி, நாலு நாள் புகையிலேயே உலர்த்தும் இடம் அது. நடுநடுவே உள்ளே போய் ஷீட்டுகளைத் திருப்பிப் போட வேண்டும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், வெளியே வந்து காறித் துப்பினால் கரியாக வரும். அங்கே இருமல் ஒரு நோய் என்று யாரும் நினைக்கவில்லை. வேலை முடிந்து வெளியே வந்தவன் முதலில் செய்வது ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பதுதான்.

எழுபத்து நாலில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்திலேயே வேலை தேடலாம் என்றான் சவரிநாதன். கெர்ட்ரூட்தான் பிடிவாதமாக, "போதும்லா இந்தக் காடு. ஈப்போவுக்குப் போலாம், பிள்ளையாச்சும் நல்லாப் படிக்கட்டும்" என்று சிலிபினுக்கு இழுத்து வந்தாள். அவனுக்கு ஜெலாப்பாங்கில் மரச்சாமான் செய்யும் ஃபாக்டரி ஒன்றில் பெட்டி கட்டும் வேலை கிடைத்தது. புகை போய் மரத்தூள் வந்தது. இருமல் மட்டும் அவனை விடவில்லை. காலையில் எழுந்தால் ஒரு கிளாஸ் சளி. படியேறினால் மூச்சு விசிலடிக்கும்.

நெஞ்சு கிளினிக்கில் மூன்று தடவை சளியை டப்பாவில் எடுத்துப் பார்த்தார்கள். காசநோய் இல்லை என்றார்கள். புகையும் தூசியும் சேர்ந்து மூச்சுக்குழாயைக் கெடுத்திருக்கின்றன, சிகரெட்டை விடு என்று சொல்லி ஒரு கார்டில் எழுதிக் கொடுத்தார்கள். அவன் கார்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே ஒன்றைப் பற்றவைத்தான்.

எண்பத்தொன்றில் தவக்காலம் வந்தது. விபூதிப் புதனன்று கோயிலிலிருந்து வரும் வழியில் கெர்ட்ரூட், "இந்த நாப்பது நாளு சிகரெட்ட ஒறுத்தல் பண்ணுங்க. ஆண்டவருக்காக. எனக்காக வேணாம்" என்றாள். ஆண்டவர் பெயரைச் சொன்ன பிறகு என்ன செய்வான்? விட்டான். கை நடுங்கியது, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தான். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று அவள் தினமும் ஆடாதோடையும் தூதுவளையும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். உயிர்த்த ஞாயிறு வந்து போன பிறகும் அவன் திரும்ப சிகரெட்டைத் தொடவில்லை. கெர்ட்ரூட் அந்தோணியார் கோயிலுக்கு ஒரு கட்டு மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்தாள்.

ஜூன் மாதம் பின்பக்கக் கக்கூஸில் அவன் முதல் முறையாக இரத்தத்தைப் பார்த்தான்.

மூலம் என்று நினைத்தான். பிறகு அது ஒரு நாளைக்கு ஆறு தடவை, எட்டுத் தடவை என்று ஆனது. சளியும் இரத்தமுமாக. வயிற்றை முறுக்கும். வெளியே சொல்ல வெட்கம். நெஞ்சு கிளினிக்கில் வேலை செய்யும் நர்ஸ் அவன் போகும் கோயிலுக்கு வருகிறவள், அவளிடம் போய் இதைச் சொல்வானா? அதனால் வயிற்றுக்கு வேறொரு கிளினிக்குக்குப் போனான். அங்கே நெஞ்சைப் பற்றி மூச்சு விடவில்லை. நெஞ்சு கெட்டவன் என்று ஃபாக்டரிக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். அங்கே சீதபேதி என்று நினைத்து மாத்திரை கொடுத்தார்கள், இன்னொரு கார்டும் கொடுத்தார்கள். மாத்திரை கேட்கவில்லை. அங்கேயும் திரும்பப் போவதை நிறுத்திவிட்டான். கார்டை வைத்துப் பார்த்தால் சவரிநாதன் என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவனுக்கு நெஞ்சு மட்டும்தான், இன்னொருவனுக்கு வயிறு மட்டும்தான்.

"நானும் கூட வாரேன், டாக்டர்ட்ட நான் சொல்றேன்" என்று கெர்ட்ரூட் பலமுறை கேட்டாள். வேண்டாம் என்று ஒரே சொல்லில் வெட்டிவிட்டான். அப்போது அது வெறும் வெட்கம்தான். அதைச் சந்தேகமாக்கியவன் மாயாண்டி.

மாயாண்டி அதே தோட்டத்துக்காரன், இப்போது அதே ஃபாக்டரியில் லாரியில் சாமான் ஏற்றுகிறவன். வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் கோப்பிக் கடையில் நாலு பேர் இருக்கும்போது, "என்னா மச்சான், தோட்டத்த விட்டு டவுனுக்கு வந்த, வீட்டுல அவங்க சொன்னாங்க. கள்ளுக்கடைப் பக்கம் தல வச்சுப் படுக்கல, அவங்க சொன்னாங்க. இப்ப சிகரெட்டையும் விட்டுட்ட. ஆளும் கருவாடா வத்திப் போயிட்ட. வீட்டுல மருந்து கிருந்து வச்சுட்டாங்களா லா?" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சவரிநாதனும் சிரித்தான். மாயாண்டி அடுத்த நிமிஷமே அதை மறந்துபோய் வடையைக் கடித்தான்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சவரிநாதன் சிரிக்கவில்லை. மாதங்களை விரல்விட்டு எண்ணினான். மார்ச்சில் கஷாயம் ஆரம்பித்தது. ஜூனில் இரத்தம். அதற்கு முன் நாற்பத்து மூன்று வருஷம் இந்த வயிறு கல்லைத் தின்றாலும் செரித்தது. அவள் சொன்னதற்கெல்லாம் தான் தலையாட்டியதை நினைக்க நினைக்க, அது தன் தலைதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது அவனுக்கு.

அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள்ளேயே போலீஸ்காரன் ஆனான். கஷாயச் சட்டியை முகர்ந்து பார்த்தான். மிளகு டப்பாவைக் கொட்டித் துழாவினான். கஷாய மண்டியைச் சோற்றில் பிசைந்து கோழிக்குப் போட்டான். நாலாம் நாள் கோழி செத்தது! அந்த வாரம் சிலிபினில் பாதிக் கோழிகள் நோய் கண்டு செத்தன, பக்கத்து வீட்டில் மட்டும் ஏழு. அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தன் கோழி செத்தது மட்டும்தான் அவனுக்குக் கணக்கு.

கஷாயத்தைக் குடிப்பதுபோல் வாயில் வைத்துக் கொல்லைப்புறத்தில் துப்பினான். பகலில் தமிழ் முஸ்லிம் மமாக் கடையில் ரொட்டி, சீனன் கடையில் மீ நூடுல்ஸ். அப்படியும் இரத்தம் நிற்கவில்லை. இந்த இடத்தில் புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். இவனும் யோசித்தான், ஆனால் எப்படி? தண்ணீரில் கலக்கிறாள் என்று முடிவு செய்தான். ஃபாக்டரிக் குழாயிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்து வர ஆரம்பித்தான். அதுவும் போதாமல்தான் ஒரு நாள் ராச்சாப்பாட்டின்போது தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "மொத வாய் நீ சாப்பிடு" என்றான்.

அவள் சிரித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஊட்டிவிடச் சொல்கிறாரோ என்று நினைத்து முகம் சிவந்தாள். ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். அப்புறம் அவன் தன் தொண்டையை எப்படிப் பார்க்கிறான் என்று கவனித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து கேட்காமலே சாப்பிட்டுக் காட்டினாள்.

அடுத்த வருஷம் மே மாதத் தொடக்கத்தில் அவன் கைக்கு ஒரு தடயம் சிக்கியது. மெத்தைக்கு அடியில் ஒரு சுருள். பிரித்துப் பார்த்தால், சீனன் மளிகைக் கடையில் வருஷா வருஷம் சும்மா கொடுக்கும் பெரிய காலண்டர்த் தாள்கள். குதிரைப் பந்தய நாள்கூடப் போட்டிருக்குமே, அந்தக் காலண்டர். மாதம் முடிந்ததும் கிழித்துப் போட வேண்டிய தாள்களை அவள் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தாள். கட்டங்களில் நீலப் பென்சிலில் சிலுவைக் குறிகள், சிவப்புப் பென்சிலில் வட்டங்கள். சில நாளுக்குச் சிலுவை, சில நாளுக்கு வட்டம், சில நாளுக்கு இரண்டும். முடிந்துபோன ஏப்ரல் மாதத் தாளை மட்டும் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு செமோருக்கு பஸ் ஏறினான்.

அங்கே பழைய தோட்டத்து லயம் ஒன்றில் மாரியம்மா என்று ஒருத்தி இருந்தாள். மருந்து எடுக்கிறவள். அவன் கழுத்தில் கிடந்த மாதா சுரூபத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனான். மாரியம்மா அவனைப் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு பித்தளைக் குழாயை வைத்து உறிஞ்சினாள். தட்டில் துப்பினாள். கறுப்பாக, மயிர் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன உருண்டை. அது அவள் வாயில் முன்பே இருந்ததா என்று கேட்கத் தோன்றவில்லை அவனுக்கு. காலண்டர்த் தாளைக் கண்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கட்டம் போட்டுக் கட்டியிருக்கா தம்பி. இருமலு வேற, வயித்துப்போக்கு வேறன்னு நெனைக்காத. ரெண்டும் ஒரே நோவு. ஒரு எடத்துலருந்து கெளம்பி மேலயும் போகுது, கீழயும் போகுது. பொம்பள கை வச்சது" என்றாள். தாளைக் கற்பூரத்தில் காட்டி எரித்துவிட்டாள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் கொடுமை! இரண்டு கிளினிக்கும் இரண்டு கார்டில் தனித்தனியாக எழுதி வைத்திருந்ததை இவள் ஒருத்தி சேர்த்துச் சொல்லிவிட்டாள். யாரும் சொல்லாத உண்மையைச் சொன்னவள், மிச்சத்தை மட்டும் பொய்யாகவா சொல்வாள்? சவரிநாதன் பற்களைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"எதுக்குடி காலண்டர்ல மந்திரக் கட்டம் போட்டு வச்சிருக்க?"

கெர்ட்ரூட் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "மந்திரமா? நீங்க மோசமா இருமுற நாளுக்கு சிலுவை. ரத்தம் போற நாளுக்கு வட்டம். டாக்டர் என்னைக்காச்சும் கேட்டா சொல்லணும்ல? நீங்கதான் என்னக் கூட்டிட்டுப் போகவே மாட்டேங்குறீங்க."

"ரத்தம் போறது உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னேனா?"

"உங்க துணிய யாரு துவைக்கிறா?"

அவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறி தலைக்கேறிவிட்டதே! "புருஷன் எத்தன வாட்டி கக்கூஸ் போறான்னு எந்தப் பொண்டாட்டிடீ எழுதி வைப்பா? சாவுக்கு நாள் குறிக்கிறியா? செமோருல போய் மருந்த எடுத்துட்டுத்தான் வாரேன். உன் கை வச்சதுன்னு சொல்லிட்டா அவ!" கஷாயச் சட்டியை எடுத்து வாசலில் போட்டு உடைத்தான். அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்தன.

கெர்ட்ரூட் அழவில்லை. உடைந்த ஓடுகளைப் பொறுக்கினாள். கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி. இனிமே நீங்களே ஆக்கிச் சாப்பிடுங்க" என்றாள்.

அவன் பசாருக்குப் போய் ஒரு புது மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கி வந்தான். ஒரே அடுப்படியில் இரண்டு அடுப்பு, இரண்டு அரிசி டின், இரண்டு உப்பு ஜாடி. தன்னுடையதை எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டு போட்டு, சாவியைக் கழுத்துக் கயிற்றில், மாதா சுரூபத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். தைப்பிங்கில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஐவி ஒருமுறை வந்து இதைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அன்றைக்கே திரும்பிப் போய்விட்டாள். கெர்ட்ரூட் அவனுக்குச் சோறு போடுவதை மட்டும்தான் நிறுத்தினாள். அவன் துணியைத் துவைப்பதை நிறுத்தவில்லை. காலண்டரில் நீலமும் சிவப்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தன, இப்போது அவன் கண் எதிரிலேயே.

மருந்து எடுத்த பிறகு ஒரு பத்து நாள் நன்றாக இருந்தது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். பதினோராம் நாள் திரும்ப ஆரம்பித்தது, முன்னைவிட மோசமாக. முட்டி இரண்டும் வீங்கின. சளி மஞ்சளாக, கட்டி கட்டியாக வந்தது. தானே வாங்கி, தானே கழுவி, தானே ஆக்கிய கஞ்சியைக் குடித்துவிட்டுத் தானே கக்கூஸுக்கு ஓடினான். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று செப்டம்பர் வந்துவிட்டது. இடுப்பில் சாரோங் நிற்கவில்லை. ஃபாக்டரியில் லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே கிடந்தான்.

ஒரு காலையில் அவன் பெட்டியைத் திறக்க முடியாமல் பூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாவி துவாரத்துக்குள் போகவில்லை, கை அப்படி நடுங்கியது. கெர்ட்ரூட் வந்து எதிரில் நின்றாள்.

"நாலு மாசமா உங்க கையாலதான் சாப்பிடுறீங்க. நான் அந்தப் பெட்டிய தொட்டது கூட இல்ல. இப்ப யாரு மருந்து வச்சா? சொல்லுங்க!"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான், இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமிக் கண் இருட்டியது, இருந்த இடத்திலேயே சாரோங் நனைந்து சிவந்தது. "அலாமா!" என்று கத்திக்கொண்டு கெர்ட்ரூட் தெருவுக்கு ஓடி டாக்ஸியை நிறுத்தினாள். போகும்போது மெத்தையைத் தூக்கி அந்தக் காலண்டர்ச் சுருளையும், அவன் சட்டைப் பையிலிருந்து இரண்டு கார்டையும் எடுத்துக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் அவனைப் பார்க்க வந்தது டாக்டர் சிகப்பி. செட்டியார் வீட்டுப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், வேகமாகப் பேசுகிறவள். கெர்ட்ரூட் இரண்டு கார்டையும் நீட்டினாள். டாக்டர் ஒன்றைப் படித்தாள், இன்னொன்றைப் படித்தாள், பெயரைத் திரும்பவும் பார்த்தாள்.

"ரெண்டும் இவர்தானா? இங்க வயித்தப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அங்க நெஞ்சப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஏன்யா சொல்லல?"

சவரிநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். கெர்ட்ரூட் தயங்கித் தயங்கிச் சுருளைக் கொடுத்தாள். டாக்டர் தாள்களைக் கட்டிலின் மேலேயே ஒவ்வொன்றாக விரித்தாள். பேச்சு நின்றுபோனது. சிவப்பு வட்டங்கள் கூடுகிற வாரங்களில் நீலச் சிலுவைகளும் கூடியிருந்தன. வட்டம் குறைந்தால், கொஞ்ச நாளில் சிலுவையும் குறைந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல், ஒரு நாள் விடாமல்.

"யாரும்மா இது எழுதினது? நீங்களா? வார்டுல நாங்களே இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டோம்" என்றாள். பிறகு விரலால் மாதங்களைத் தொட்டு வந்தவள் நின்றாள். "மார்ச் இருக்கு, மே இருக்கு. ஏப்ரல் எங்க?"

அது எங்கே என்று சவரிநாதனுக்குத் தெரியும். செமோரில் கற்பூரத்தில் எரிந்த தாள். கெர்ட்ரூட் அவனை ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு, "அது கிழிஞ்சு போச்சு டாக்டர்" என்றாள்.

அந்த இடத்தில் அவன் உடைந்திருக்க வேண்டும். ஆனால் அப்போதும் சந்தேகம் முழுசாக விடவில்லை. எதற்காகத் தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தான்.

நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பின்பக்கமாக ஒரு குழாயை விட்டுக் குடலைப் பார்த்து, ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மாரியம்மாவும் குழாய் வைத்தாள், இவர்களும் குழாய் வைக்கிறார்கள், பார்ப்போம் இவர்கள் என்ன உருண்டையை எடுக்கிறார்கள் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். உருண்டை ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கெர்ட்ரூட் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"கிருமி இல்ல, புத்துநோய் இல்ல. பெருங்குடலோட உள்சுவரு புண்ணாகி வீங்கியிருக்கு. ஒடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சு அடிக்கிற மாதிரி. நெஞ்சு புகையில முன்னமே கெட்டதுதான். ஆனா குடலு சீறும்போதெல்லாம் மூச்சுக்குழாயும் சேர்ந்து சீறுது, உங்க சம்சாரம் காலண்டர்ல அது அப்படியே தெரியுது. இப்படி ரெண்டும் சேர்ந்து வர்றதா வெளிநாட்டு டாக்டருங்க கொஞ்ச வருஷமா எழுதுறாங்க. தாய் வயித்துல கரு உண்டாகும்போது குடலும் நுரையீரலும் ஒரே குழாயிலருந்துதான் பிரியுது, அதனால இருக்கலாம்னு சொல்றாங்க. முழுக் காரணம் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

"சாப்பாட்டுல... சாப்பாட்டுல ஏதாச்சும் கலந்தா வருமா டாக்டர்?" அவன் கெர்ட்ரூட்டைப் பார்க்காமல் கேட்டான்.

டாக்டருக்கு என்ன புரிந்ததோ, அவளும் கெர்ட்ரூட்டைப் பார்க்கவில்லை. "வராது. சிகரெட்ட எப்ப விட்டீங்க?"

"போன வருஷம் தவக்காலத்துல."

"சில பேருக்கு சிகரெட்ட விட்ட கொஞ்ச மாசத்துல இந்தக் குடல் நோவு தல தூக்குதுன்னு இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. அதுக்காகத் திரும்பப் பிடிச்சிடாதீங்க, நெஞ்சு போயிரும். யாரும் உங்களுக்கு ஒண்ணும் பண்ணல. சம்சாரம் மட்டும் எழுதி வைக்கலன்னா நானும் நெஞ்சத் தனியா, வயித்தத் தனியாத்தான் பாத்திருப்பேன்."

வெள்ளை மாத்திரை கொஞ்ச நாளைக்கு, மஞ்சள் மாத்திரை ரொம்ப நாளைக்கு என்று கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மூத்திரம் ஆரஞ்சுத் தண்ணீர்போல் போனதும், இந்த டாக்டரும் கூட்டு என்று கத்தி வார்டையே கூட்டிவிட்டான். மஞ்சள் மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று டாக்டர் வந்து சிரித்துச் சொல்லிவிட்டுப் போனாள். சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் சாகிற ஜாதி இல்லை. ஆனால் இரத்தம் நின்றது. இருமல் இறங்கியது. மூன்று வாரத்தில் அவன் எழுந்து நடந்தான். முழுசாகக் குணமாகாது, அப்பப்ப வரும், கார்டைத் தொலைக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். கார்டு இப்போது ஒன்றே ஒன்று.

வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் அவன் அடுப்படியில் போய் நின்றான். இரண்டு அடுப்பு. அவனுடைய பெட்டி, பூட்டோடு. கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சாவியைக் கழற்றி, கெர்ட்ரூட் கைக்குப் பக்கத்தில் வைத்தான். என்ன சொல்ல வேண்டும் என்று டாக்ஸியில் வரும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். வாயில் வந்தது, "பசிக்குது" மட்டும்தான்.

அவள் சாவியை எடுக்கவில்லை. தட்டைக் கழுவி, சோற்றைப் போட்டு, மிளகாய் அதிகம் போடாத மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். விழுங்கியது தெரியட்டும் என்று கழுத்தை நிமிர்த்திக் காட்டினாள். பிறகு தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"வேணாம் கெர்ட்ரூட். இனிமே அது வேணாம்லா. நான் நம்புறேன்."

"நம்புறீங்க. டாக்டர் சொன்னாங்க, நம்பிட்டீங்க" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "நான் சொன்னப்போ நம்பலையே."

அவன் தட்டைப் பார்த்தபடி சோற்றை அள்ளினான். சூடாக இருந்தது. இந்த முறை கால் மணி நேரம் காத்திருக்கவில்லை. சாப்பிடச் சாப்பிடக் கண்ணீர் கன்னத்தில் வழிந்து தட்டில் விழுந்தது. துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவள் எழுந்து போகாமல் அவன் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகும் ஆறு வருஷம் அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். புது அடுப்பை அவள் மாயாண்டி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். காலண்டரில் சிலுவையும் வட்டமும் போடுவதை அவனே கற்றுக்கொண்டு, கிளினிக்குக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனான். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் அவர்களுடைய பாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று அவன் தினமும் கெஞ்சியும், முதல் வாயைத் தின்று காட்டுவதை கெர்ட்ரூட் ஒரு நாளும் நிறுத்தவில்லை.